மூன்றாவது குழாய்

இதை எழுதப்போகிறேன் என்றபோது வீட்டில் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். ஒரு பெண்பிள்ளை தன் சிறுநீரைப் பற்றி ஊரறிய எழுதுவதா என்றார்கள். பதினோரு வயது வரை நான் வெட்கப்பட்டுப் பார்த்தவள்தான். அந்த வெட்கத்தால் ஒரு சொட்டுகூட நின்றதில்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்குப் பிறந்ததிலிருந்தே சிறுநீர் சொட்டிக்கொண்டிருந்தது. நின்றாலும் நடந்தாலும் படுத்தாலும் சொட்டும். அம்மா பழைய சேலையை நாலாகக் கிழித்து, மடித்து, கோவணம் மாதிரிக் கட்டிவிடுவாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் பாவாடை நனைந்துவிடும், தொடை புண்ணாகிவிடும். அதே சமயம், எல்லாப் பிள்ளைகளையும் போல எனக்கும் முட்டிக்கொண்டு வரும், போய் உட்காருவேன், நிறையப் போகும், எழுந்து வருவேன். இந்த இரண்டும் சேர்ந்தே நடந்தன. சொட்டுவது எல்லோர் கண்ணிலும் பட்டது. ஒழுங்காகப் போவதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. என் வியாதிக்கான விடை அதில்தான் இருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது.

நாங்கள் பெங்களூர் மர்பி டவுனில் இருந்தோம். அப்பா ராணுவ அதிகாரிகள் மெஸ்ஸில் சமையல்காரர். அம்மா சிகரெட் ஃபேக்டரியில் பாக்கிங் பிரிவில் ஷிஃப்ட் வேலை பார்த்தாள். நான் ஒரே பிள்ளை. சரோஜா என்று பெயர் வைத்திருந்தார்கள். தெருவில் என்னை அந்தப் பெயரில் கூப்பிட்டவர்கள் குறைவு.

வைத்தியத்துக்குக் குறைவில்லை. கம்பவுண்டர் கொடுத்த சிவப்புத் தண்ணீரைக் குடித்தேன். எள்ளுருண்டை தின்றேன். தர்காவில் கயிறு கட்டினார்கள். அம்மன் கோயிலில் எலுமிச்சம்பழம் மிதித்தேன். எனக்கு ஏழு வயதாக இருந்தபோது ஒருநாள், அம்மா ஷிஃப்டுக்குப் போயிருந்த நேரத்தில், அப்பாவின் அக்கா கரண்டிக் காம்பைப் பழுக்கக் காய்ச்சி என் தொடையில் வைத்தாள். பயம் வந்தால் அடங்கிவிடும் என்று அத்தைக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அடங்கவில்லை. அம்மா வேலையிலிருந்து வந்து தொடையைப் பார்த்தாள். அத்தையின் பையை எடுத்து வாசலுக்கு வெளியே வைத்தாள். அத்தை அதன்பிறகு எங்கள் வீட்டு வாசற்படி ஏறவில்லை. தழும்பு இன்றும் இருக்கிறது.

ஐந்தாம் வகுப்பில் என்னைக் கடைசியில், ஜன்னலோரமாக, பெஞ்சு இல்லாமல் நிற்க வைத்தார்கள். ஆண்டுத் தேர்வில் நான் இரண்டாவதாக வந்தேன். ஆறாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது, குணமான பிறகு கூட்டி வாருங்கள் என்று தலைமை ஆசிரியை அம்மாவிடம் சொன்னார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. மிகவும் பரிவாகத்தான் சொன்னார். அதுதான் அம்மாவைச் சுட்டது. மறுநாளே லீவு போட்டுவிட்டு என்னைப் பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள்.

வெளிநோயாளிகள் பிரிவில் நீளமான மர பெஞ்சுகள் இருந்தன. சீட்டைக் கன்னடத்தில் எழுதிக் கொடுப்பார்கள். பெயர் கூப்பிடும்போது உடனே எழுந்து ஓட வேண்டும். நான் உட்காரமாட்டேன், பெஞ்சு நனையும் என்று. முதல்முறை பார்த்த டாக்டர், படுக்கையில் போகும் பழக்கம், வளர்ந்தால் சரியாகும் என்று மாத்திரை எழுதினார். பகலிலும் போகிறது என்று அம்மா சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. இரண்டாம்முறை வேறொரு டாக்டர், அதே மாத்திரை. மூன்றாம்முறை மேஜைக்குப் பின்னால் ஒரு இளவயது டாக்டரம்மா இருந்தார். கன்னடக்காரர். தமிழ் கொஞ்சம் பேசுவார். அவரும் மாத்திரைச் சீட்டை இழுத்தபோது அம்மா நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“மூணு வாட்டி வந்துட்டேம்மா. மாத்திரை குடுத்தீங்க, துன்னா. நிக்கல. இன்னிக்கு இன்னா ஏதுன்னு தெரியாம நான் இங்கருந்து எழுந்துக்க மாட்டேன்.”

பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். பியூன் எட்டிப்பார்த்தான். டாக்டரம்மா அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இதற்குமுன் ஒரு டாக்டரும் என்னிடம் நேராகப் பேசியதில்லை.

“நீ எல்லார் மாதிரி பாத்ரூமுக்குப் போறதில்லையா?”

“போவேன். காலைல ஒரு தபா, மத்தியானம் ஒரு தபா. அதுவும் போவேன், இதுவும் ஒழுகும்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். இன்னொருமுறை சொல்லச் சொன்னார். சொன்னேன். மாத்திரைச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு எங்களை உள்ளே அழைத்துப்போனார்.

அன்று செய்த பரிசோதனை எனக்கு இன்னும் கண்முன் நிற்கிறது. சிறுநீர்ப் பைக்குள் ஒரு மெல்லிய ரப்பர் குழாயை விட்டு, நீல மருந்தை உள்ளே நிரப்பினார்கள். குழாயை எடுத்துவிட்டு வெள்ளைத் துணியைக் கட்டி, வராந்தாவில் நடக்கச் சொன்னார்கள். அரைமணி நேரம் நடந்தேன். துணி நனைந்தது. அவிழ்த்துப் பார்த்தால் நீலமே இல்லை, வெறும் வெள்ளை. பிறகு போய் உட்காரச் சொன்னார்கள். அப்போது மை பாட்டிலைக் கவிழ்த்தது போல நீலமாகப் போயிற்று. டாக்டரம்மா துணியை அம்மாவிடம் காட்டினார். பையில் இருப்பதெல்லாம் நீலம். துணியை நனைத்தது பையிலிருந்து வரவில்லை. அப்படியானால் வேறு வழியில் வருகிறது. பிள்ளை மேல் தப்பு எதுவும் இல்லை என்றார்.

அம்மா அந்தக் கடைசி வார்த்தையை இன்னொருதரம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அதன்பிறகு எக்ஸ்ரே. முதல்நாள் விளக்கெண்ணெய் கொடுத்து வயிற்றைச் சுத்தம் செய்தார்கள். மறுநாள் கை நரம்பில் ஒரு மருந்தை ஏற்றி, வயிற்றைப் பட்டையால் இறுக்கிக் கட்டி, சிலநிமிட இடைவெளியில் படம் எடுத்தார்கள். மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவி, வாயில் இரும்பைக் கடித்த மாதிரி ருசி வந்தது. அந்த மருந்து சிறுநீரகத்தில் இறங்கும்போது குழாய்கள் படத்தில் வெள்ளையாகத் தெரியுமாம்.

ஒரு வாரம் கழித்து பெரிய டாக்டர் கூப்பிட்டனுப்பினார். அப்பாவும் வந்தார். பெரிய டாக்டர் குட்டையான மனிதர், வழுக்கைத் தலை. கண்டோன்மெண்டில் பழகிய தமிழ் பேசுவார். எக்ஸ்ரே உறையின் பின்பக்கத்தில் பென்சிலால் படம் போட்டார். மனிதருக்கு இரண்டு சிறுநீரகம், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குழாய் பைக்கு இறங்கும். பையின் வாயில் ஒரு தசை இருக்கிறது, அது இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேண்டும்போது விடும். எனக்கு இடது சிறுநீரகம் பிறக்கும்போதே மேல்பாதி கீழ்பாதி என்று இரண்டாகப் பிரிந்து, அதற்கு மட்டும் இரண்டு குழாய்கள் முளைத்திருந்தன. ஆக மொத்தம் மூன்று. இரண்டு ஒழுங்காகப் பைக்குப் போயின. மூன்றாவது பையைத் தாண்டி, தசைக்கும் கீழே போய், வெளியே திறந்திருந்தது. அதில் வருவதைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை. அதனால் சொட்டிக்கொண்டே இருந்தது. மேல்பாதி ஏற்கெனவே கெட்டு, உபயோகமற்றுப் போயிருந்தது. அதையும் அந்தக் குழாயையும் வெட்டி எடுத்துவிட்டால் தீர்ந்தது என்றார்.

ஆபரேஷனுக்குப் பிறகு என்னென்ன வரலாம் என்று அப்பா கேட்டார். டாக்டர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கன்னடத்துக்கு மாறினார். எனக்குக் கன்னடம் நன்றாகவே தெரியும். ஆனால் அவர் மாறியதுதான் பிடிக்கவில்லை.

என்கிட்டயே சொல்லுங்க என்றேன். அப்பா என் தோளைப் பிடித்து அழுத்தினார். டாக்டர் பென்சிலை உருட்டிக்கொண்டே, கேட்டால் பயமாக இருக்கும், பரவாயில்லையா என்றார். பயமெல்லாம் பார்த்தாச்சு என்றேன்.

அவர் சொன்னார். முதல்நாள் ரத்தம் நிற்காமல் போகலாம். அடுத்து, மயக்க மருந்தால் நெஞ்சில் சளி கட்டலாம். மூன்றாவது, காயம் சீழ் பிடித்து ஜுரம் வரலாம். நான்காவது, சிறுநீரகத்தை வெட்டிய இடத்திலிருந்து சிறுநீர் கசிந்து விலாவில் வழி போட்டுக்கொண்டு வரலாம். ஐந்தாவது, மிச்சம் வைக்கிற கீழ்பாதியும் செத்துப்போகலாம். அப்படியானால் இடது பக்கத்தையே எடுக்க வேண்டியிருக்கும். வலது பக்கத்தை வைத்துக்கொண்டு ஆள் பிழைத்துக்கொள்ளலாம். இந்த வியாதியுள்ள பிள்ளைகளை அவர் பார்த்ததே விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு என்பதையும் மறைக்கவில்லை.

“இதுல எனக்கு எது வரும்?”

“அது முன்னாடியே தெரிஞ்சா நான் டாக்டர் இல்லம்மா, தேவரு, சாமி. வந்தா சீக்கிரம் கண்டுபிடிக்கணும். அவ்வளவுதான் என் கையில இருக்கு.”

குழந்தையிடம் இப்படியா பேசுவது என்று அப்பா பஸ்ஸில் வரும் வழியெல்லாம் புலம்பினார். நான் ஐந்தையும் விரல்விட்டு மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். தெரியாமல் பயப்படுவதைவிடத் தெரிந்து பயப்படுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

ஆபரேஷன் அன்று காலையில் அந்தத் தெரிதல் எதுவும் உதவவில்லை. தள்ளுவண்டியில் போகும்போது பற்கள் தந்தியடித்தன. அம்மா கதவு வரை கூடவே நடந்துவந்தாள். உள்ளே மூக்கின்மேல் வலைத்துணியை வைத்து ஈதர் ஊற்றினார்கள். இனிப்பும் எரிச்சலுமாக ஒரு வாடை. எண்ணச் சொன்னார்கள். பன்னிரண்டுவரை எண்ணியது ஞாபகம் இருக்கிறது.

விழித்தபோது வாந்தி. இடது விலாவில் கொள்ளி வைத்த மாதிரி வலி. விலாக் காயத்திலிருந்து ஒரு ரப்பர் குழாய், கீழே பையிலிருந்து ஒரு குழாய். அப்பாவின் ரத்தத்தை எனக்கு ஏற்றியிருந்தார்கள். அவர் கட்டிலருகே முழங்கையை மடக்கியபடி நின்றிருந்தார். முதல்நாள் தாண்டியது. ஒரு விரலை மடக்கினேன். சிஸ்டர் மணிக்கொருதரம் என்னை உட்கார வைத்து இருமச் சொன்னார். இருமினால் விலா பிளப்பது போல இருக்கும். தலையணையை விலாவில் அழுத்திக்கொண்டு இருமினேன். சளி கட்டவில்லை. இரண்டாவது விரல். இந்த சிஸ்டர் மங்களூர் பக்கத்துக்காரர். நெட்டையாக, சிரிக்காத முகத்தோடு இருப்பார். அவர் வார்டுக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும்.

மூன்றாம் நாள் பைக்குழாயை எடுத்தார்கள். அம்மா வெளுத்த துணியொன்றை எனக்குக் கட்டிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். இரண்டு மணி நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் இரண்டு மணி நேரம். சாயங்காலம் அவிழ்த்தாள். துணி காய்ந்திருந்தது. அதைக் கன்னத்தில் வைத்து அழுத்தினாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், திரும்பக் கன்னத்தில் வைத்தாள். அழவில்லை. துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டாள். அன்று அவள் பாக்கிங்கில் யாரோடும் பேசவில்லையாம். பேசினால் உடைந்துவிடுவேன்போல் இருந்தது என்று பல வருடம் கழித்துச் சொன்னாள்.

ஐந்தாம் நாள் விலாவிலிருந்த ரப்பர் குழாயையும் எடுத்தார்கள். ஆறாம் நாள் காலையில் கட்டு ஈரமாக இருந்தது.

கட்டைத் தொட்டுப் பார்த்தேன். விரலை மூக்கில் வைத்தேன். ஆபரேஷனுக்குப் போகும்போதுகூட அப்படி ஒரு பயம் வரவில்லை. அந்த வாடை எனக்குத் தெரியும். அதோடுதான் நான் வளர்ந்தேன்.

காலை ரவுண்டில் வந்த சின்ன டாக்டரிடம் சொன்னேன். படிப்பு முடித்து அப்போதுதான் வேலைக்கு வந்த பையன் அவர். கட்டைத் தூக்கிப் பார்த்து, காயத்துத் தண்ணீர், குழாய் எடுத்தால் இப்படித்தான் ஊறும் என்றார்.

“காயத்துத் தண்ணி இல்ல சார். மூத்திரம்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“பதினோரு வருஷமா மோந்துகினு இருக்கேன்.”

பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். என் கட்டில் கம்பியில் தொங்கிய அட்டையில் எதுவும் எழுதவில்லை. மறுநாளும் சொன்னேன். மறுநாளும் எழுதவில்லை. அதிகப்பிரசங்கி என்று வேலைக்கார ஆயாவிடம் சொல்லிக்கொண்டு போனது காதில் விழுந்தது. அம்மா போய்க் கேட்டதற்கு, ஜுரம் இல்லை, சார்ட்டைப் பாருங்கள், நேர்கோடாக இருக்கிறது என்றாராம்.

எட்டாம் நாள் மத்தியானம் குளிர் எடுத்தது. மூன்று கம்பளி போர்த்தியும் கட்டில் ஆடியது. சார்ட்டில் கோடு மேலே ஏறியது. பெரிய டாக்டரை அழைத்துவந்தார்கள். அவர் விலாவை அழுத்தினார், நான் அலறினேன். அங்கேயே ஒரு தையலைப் பிரித்தார். கலங்கலாக ஒரு கிண்ணம் நிறைய வந்தது. பிறகு என் கை நரம்பில் நீல மருந்தை ஏற்றிவிட்டு விலாவில் புதுப்பஞ்சை வைத்தார். இரத்தத்தில் போகிற நீலத்தைச் சிறுநீரகம்தான் பிரித்து எடுக்கும். வெறும் காயத்துத் தண்ணீரானால் பஞ்சு நீலமாகாது. கால்மணி நேரம் எல்லோரும் அந்தப் பஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது நீலமானது.

எப்போது ஆரம்பித்தது என்று பெரிய டாக்டர் கேட்டார்.

“முந்தாநேத்து காலைல. ரெண்டு நாளும் சொன்னேன். யாரும் எழுதல.”

அவர் அட்டையை எடுத்து இரண்டு பக்கமும் புரட்டினார். என் எதிரில் யாரையும் திட்டவில்லை. சின்ன டாக்டரின் காதுகள் மட்டும் சிவந்துபோயிருந்தன. ஜுரத்தோடு ஜுரமாக அதை நான் ஆசைதீரப் பார்த்தேன். இதை எழுதுவதற்கும் எனக்கு வெட்கமில்லை.

நான்காவது விரல் இப்படி வந்து சேர்ந்தது. மூன்றாவதையும் கூட்டிக்கொண்டு வந்தது. விலாவில் மறுபடி ரப்பர் குழாய், நாளைக்கு இரண்டு ஊசி. ஜுரம் ஒரு வாரத்தில் இறங்கிவிட்டது, மூன்றாவது விரலை மடக்கினேன். கசிவு நிற்கவில்லை. கீழே காய்ந்தவள் பக்கவாட்டில் ஒழுக ஆரம்பித்தேன். ஒருநாளைக்கு ஐந்து முறை கட்டு மாற்ற வேண்டும். ஆஸ்பத்திரிப் பஞ்சு போதாமல் அப்பா தன் மெஸ் யூனிஃபாரம் இரண்டை, வெள்ளைக் காடா, சதுரம் சதுரமாக வெட்டிக் கொண்டுவந்தார். சமையல்காரரின் கத்தரிப்பு, ஒரு துண்டுகூட அளவு பிசகவில்லை. பார்லித் தண்ணீரைத் தூக்கில் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து குடிக்க வைப்பார்.

வார்டில் வாடை என்று புகார் எழுந்தது. ஒரு நாள் ஆயா வந்து கட்டிலைக் கோடியில், கக்கூஸ் பக்கம் தள்ளப்போவதாகச் சொன்னாள். நான் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் நின்றது போதும் என்று எனக்குள் ஏதோ கிளம்பிவிட்டது. ஆயா தள்ள, நான் பிடிக்க, கட்டில் கிரீச்சிட்டது. சத்தம் கேட்டு சிஸ்டர் வந்தார். என்னைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், ஈரக் கட்டைப் பார்த்தார்.

“இவ எங்கயும் போகல. கட்ட நேரத்துக்கு மாத்தினா வாசன எப்படி வரும்? போய் டிரெஸ்ஸிங் டப்பா எடுத்துட்டு வா.”

அன்றிலிருந்து தன் டியூட்டியில் என் கட்டை அவரே மாற்றினார். அப்போதும் சிரிக்கவில்லை.

மூன்று வாரம் முடிந்தது. பெரிய டாக்டர் அம்மாவிடம் விவரம் சொன்னார். இத்தகைய கசிவு பெரும்பாலும் தானே அடைபடும். அடைபடாவிட்டால் கீழே வழியில் ஏதோ தடை இருக்கிறது என்று அர்த்தம். என் இரண்டாவது குழாய், அதாவது கீழ்பாதியின் நல்ல குழாய், வீங்கி இறுகியிருக்கலாம். சரியான வழி அடைத்திருப்பதால் சிறுநீர் சுலபமான வழியைத் தேடி விலாவுக்கு வருகிறது. பையின் வழியாக ஒரு மெல்லிய குழாயை மேலே அந்தக் குழாய்க்குள் ஏற்றி, பத்துநாள் வைத்துப் பார்க்கலாம். அதுவும் பலிக்காவிட்டால் இடது சிறுநீரகத்தை எடுத்துவிட வேண்டியதுதான்.

அந்தச் செய்தி எப்படியோ அத்தைக்குப் போயிற்று. அவள் மெஸ்ஸுக்கே போய் அப்பாவைப் பிடித்தாள். ஒரு ஓட்டையை அடைக்கப் போய் இன்னொரு ஓட்டை போட்டுவிட்டார்கள், இன்னும் வெட்டினால் பிள்ளை மிஞ்சமாட்டாள், வீட்டுக்குக் கூட்டி வா என்று அழுதாளாம். அத்தைக்கு என்மேல் அன்பில்லாமல் இல்லை. அவள் அன்பைக் கண்டுதான் எனக்குப் பயம். மறுநாள் அம்மா ஷிஃப்டில் இருந்த நேரம் பார்த்து அப்பா வந்தார். கையில் ஒரு காகிதம். எங்கள் விருப்பத்தின்பேரில் அழைத்துப்போகிறோம், பின்னால் எது நடந்தாலும் ஆஸ்பத்திரி பொறுப்பில்லை என்ற காகிதம். கையெழுத்து இன்னும் போடவில்லை. என் துணிகளை எடுத்துப் பையில் வைக்க ஆரம்பித்தார்.

“நான் வரமாட்டேம்பா.”

“போதும் கண்ணு. வெட்டினது போதும். வூட்ல வச்சு நான் பாத்துக்கறேன்.”

“வூட்டுக்கு வந்தா ஒழுகிகினேதான் இருப்பேன். நீ எத்தினி துணி வெட்டுவே? டாக்டர் சொன்ன அஞ்சுல இது நாலாவது. அஞ்சாவது இன்னும் வரல.”

“வந்தா?”

“வந்தா வரட்டும். அந்தாண்ட ஒண்ணு மிச்சம் இருக்குதில்ல.”

அப்பா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு, பையில் வைத்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப அலமாரியில் அடுக்கினார். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் பார்லி வேண்டுமா, கஞ்சி வேண்டுமா என்று கேட்டார். கஞ்சி என்றேன்.

குழாய் ஏற்றினார்கள். அது நழுவிவிடக்கூடாது என்பதற்காகப் பத்துநாள் மல்லாந்து அசையாமல் படுக்க வேண்டும். உட்காரக்கூடாது, ஒருக்களிக்கக்கூடாது. முதுகு வெந்தது. முதல் நான்கு நாள் விலாக் கட்டு எப்போதும்போல நனைந்தது. ஐந்தாம் நாளும் அப்படியே. டாக்டரம்மா, முதன்முதலில் என்னைக் கேள்வி கேட்டவர், வந்து பார்த்துவிட்டுக் கொஞ்சநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆறாம் நாள் ஐந்து கட்டு மூன்றானது. எட்டாம் நாள் ஒன்று. ஒன்பதாம் நாள் காலையில் சிஸ்டர் கட்டைப் பிரித்து, பஞ்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தன் மூக்கருகே கொண்டுபோய், பிறகு என் மூக்கருகே நீட்டினார்.

“நீ சொல்லு.”

மோந்து பார்த்தேன். மருந்து வாடை. பஞ்சு வாடை. வேறு எதுவும் இல்லை. இல்லை என்றேன். அவர் அட்டையை எடுத்து, நான் சொன்னதை அப்படியே நேரம் போட்டு எழுதினார்.

குழாயை எடுத்தபிறகு வந்த இரண்டு நாள்தான் எல்லாவற்றிலும் மோசம். திரும்ப ஒழுகினால் கத்திதான். அம்மா இரண்டு நாளும் லீவு போட்டாள். மேற்பார்வையாளர் கத்தினாராம், கத்தட்டும் என்று விட்டுவிட்டாள். மேலே ஒரு வெள்ளைத் துணி, கீழே ஒரு வெள்ளைத் துணி. இரண்டும் காய்ந்தே இருந்தன. நான்காவது விரலும் ஐந்தாவது விரலும் மடங்கின. கை முழுக்க மூடிக்கொண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

நாற்பத்துமூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். பழைய பள்ளிக்கு நான் திரும்பிப் போகவில்லை. தலைமை ஆசிரியை சொல்லியனுப்பினார், இப்போது சேர்த்துக்கொள்கிறோம் என்று. உடம்பு நன்றாக இருக்கும்போது மட்டும் பிள்ளைகளைச் சேர்க்கும் பள்ளி வேண்டாம் என்று அம்மா பதில் சொல்லிவிட்டு, அல்சூர் பக்கம் வேறு பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்த்தாள்.

சில மாதங்கள் கழித்து பரிசோதனைக்குப் போனபோது, பெரிய டாக்டர் மாணவர்களுக்கு வகுப்பெடுக்கும் அறைக்கு என்னை அழைத்துவரலாமா என்று கேட்டார். அம்மாவிடம் கேட்டார், என்னிடமும் கேட்டார். சரி என்றேன். இருபது முப்பது மாணவர்கள் படிக்கட்டு மாதிரி வரிசைகளில் உட்கார்ந்திருந்தார்கள். பலகையில் மூன்று குழாய்களைப் போட்டிருந்தார். இந்த மாதிரி ஆபரேஷனுக்குப் பிறகு குழந்தைகளுக்கு வரக்கூடிய சிக்கல்களை முன்கூட்டி எப்படி அறிவது என்று கேட்டார். ஒருவன் ஜுரம் என்றான். ஒருவன் நாடித்துடிப்பு என்றான். விலா வீக்கம், ரத்தப் பரிசோதனை என்று அடுக்கினார்கள். அவர் எல்லாவற்றையும் பலகையில் எழுதினார். எழுதிவிட்டு, விட்டுப்போனது ஏதாவது உண்டா என்று என்னைப் பார்த்தார்.

அம்மா கதவோரம் நின்றிருந்தாள். நான் கன்னடத்திலேயே சொன்னேன், எல்லோருக்கும் புரியட்டும் என்று. ஜுரம் வருவதற்கு இரண்டு நாள் முன்பே நான் சொன்னேன், கசிவது சிறுநீர் என்று. சிரித்தார்கள். எழுதவில்லை.

அறையில் யாரும் சிரிக்கவில்லை. பெரிய டாக்டர் சாக்பீஸை எடுத்து, ஜுரத்துக்கு மேலே மிஞ்சியிருந்த இடத்தில், நோயாளி சொல்வதைக் கேட்பது என்று இங்கிலீஷில் ஒரு வரி எழுதினார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றார். பேனாக்கள் ஓடின. முன்வரிசையில் கண்ணாடி போட்ட ஒரு மாணவன் நிமிர்ந்து, நோயாளியின் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டான். அவளையே கேள் என்றார் டாக்டர்.

சரோஜா என்றேன். எஸ்ஸில் ஆரம்பித்து ஒவ்வொரு எழுத்தாக, அவன் எழுதி முடிக்கும்வரை நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.